அந்த இரண்டாம் பாதி: கேம் வார்டுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கேம்,

இன்று 2025 டிசம்பர் 28. போன வருடம் இதே நாளில், மயாமி பல்கலைக்கழக அமெரிக்கக் கால்பந்து அணியின் குவார்ட்டர்பேக்காக, அதாவது பந்தை வீசி ஆட்டத்தை நடத்துபவனாக, ஆர்லாண்டோவில் நீ ஆடிய கடைசிக் கல்லூரி ஆட்டத்தில் நடந்ததை உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாதி ஆட்டத்தில் மயாமி 31, அயோவா ஸ்டேட் 28. முடிவில் 41, 42. இரண்டு வரியை மட்டும் எழுதி வைத்துவிட்டு, அதை அப்புறம் பேசுகிறேன்.

வயதில் மூத்தவன், தம்பி என்றே கூப்பிடுகிறேன். முதலில் மன்னிப்பு. 2022 ஜனவரியில் நீ இன்கார்னேட் வேர்டு கல்லூரியை விட்டு வாஷிங்டன் ஸ்டேட்டுக்குக் கிளம்பியபோது, இது தேறாது என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். ஒரே சீசனில் நீ வீசியது 4,648 யார்டு, 47 டச் டவுன் (பந்து எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டியவை). சவுத்லேண்ட் என்ற சின்ன லீக்கில் எடுத்த அந்தக் கணக்கைப் பெரிய லீக்குக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது என்பது என் வாதம். தப்பான வாதம்.

ஆனால் காரணமில்லாமல் எழுதவில்லை. என் கண்முன் இருந்தது ஆரிகன். 2015இல் ஈஸ்டர்ன் வாஷிங்டனிலிருந்து வெர்னன் ஆடம்ஸ் அங்கே போனார். விரல் முறிந்து சீசனின் ஒரு பகுதி வீணாயிற்று. அடுத்த வருடம் மொன்டானா ஸ்டேட்டிலிருந்து டகோடா ப்ரூகாப் போனார். சீசன் நடுவிலேயே ஜஸ்டின் ஹெர்பர்ட் என்ற முதலாண்டுப் பையனிடம் இடத்தை இழந்தார். இந்த இரண்டையும் வைத்துச் 'சின்ன இடத்துப் பையன், பெரிய இடத்தில் தாங்கமாட்டான்' என்று முடிவுகட்டினேன். ஆடம்ஸ் களத்தில் இருந்த நாட்களில் அருமையாக ஆடினார் என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

அதைவிடப் பெரிய தப்பு, 2021இலேயே பதில் என் எதிரே இருந்தது. ஹூஸ்டன் பாப்டிஸ்டிலிருந்து வெஸ்டர்ன் கென்டக்கிக்குப் போன பெய்லி ஸாப்பி அந்த ஒரே சீசனில் 5,967 யார்டு, 62 டச் டவுன் வீசினார். இரண்டுமே பெரிய பிரிவின் சாதனைகள். அவர் தனியாகப் போகவில்லை. ஆட்டத்தை வகுத்த ஸாக் கிட்லியும் கூடவே போனார், பந்தைப் பிடிக்கும் பழைய ரிசீவர்களும் போனார்கள். அதில் ஜெரத் ஸ்டெர்ன்ஸ் மட்டும் 150 பந்து பிடித்தார். ஸாப்பி புது ஊருக்குப் போனார், புது மொழிக்குப் போகவில்லை.

உன் விஷயமும் அதுதான். இன்கார்னேட் வேர்டில் உன் பயிற்சியாளராக இருந்த எரிக் மாரிஸ் உனக்கு முன்பே, வாஷிங்டன் ஸ்டேட் இருக்கும் புல்மனுக்குப் போயிருந்தார். ஏர் ரெய்டு என்ற அதே வீச்சாட்ட முறை, அதே கைசாடை, அதே பெயர்கள். குறுக்கே ஓடும் இரண்டு ரிசீவர்களைச் சேர்த்து ஒரு இடத்தில் 'மெஷ்' என்பார்கள், இன்னொரு இடத்தில் அதற்கே வேறு பெயர், வேறு எண். வெளியே நின்று பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயம். ஸ்னாப்புக்கு முன், அதாவது பந்து உன் கைக்கு வந்து ஆட்டம் தொடங்குவதற்கு முன், உனக்குக் கிடைப்பது சில வினாடிகள். அதில் ஒரு வினாடியை மனசுக்குள் மொழிபெயர்ப்பதற்குச் செலவழித்தால், எதிரணியின் பின்வரிசைக் காவலனான சேஃப்டி எங்கே நகர்கிறான் என்று பார்க்க நேரமிருக்காது. வெளியே தெரிவது தப்பான வீச்சு. உள்ளே நடந்தது தாமதம். இதை எழுதாமல் லீக்கின் பெயரை எழுதினேன். அதற்குத்தான் மன்னிப்பு.

சின்ன இடத்திலிருந்து வருகிறவனுக்கு உண்மையிலேயே மாறுவது என்ன என்று உனக்குத் தெரியும். கூட நின்று படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். நீ ஆடிய காலத்தில் எஃப்.சி.எஸ். என்ற சின்னப் பிரிவின் அணிக்கு 63 முழு உதவித்தொகைதான், பெரிய பிரிவுக்கு 85. அந்த வித்தியாசம் முதல் பதினொரு பேரில் பெரிதாகத் தெரியாது. நாலாவது குவார்ட்டரில் தெரியும். சின்ன அணியின் முன்வரிசைத் தடியர்கள் அதற்குள் மூச்சு வாங்குவார்கள். குவார்ட்டர்பேக் பின்னால் ஓடி, வட்டமடித்து, ஆறு வினாடி தாக்குப்பிடித்து வீசலாம். பெரிய அணியில் அந்த நேரத்துக்கு மாற்றாள் இறங்குவான், அவனும் 300 பவுண்டு. பழைய வட்டம் அங்கே சாக்கில், அதாவது வீசுமுன்பே வீழ்த்தப்படுவதில், முடியும், இல்லையென்றால் பந்து கைநழுவும். உனக்கும் நழுவியது. புல்மனில் உன்னைப் பற்றி எல்லோரும் சொன்ன குறை அதுதான்: பந்தை அதிக நேரம் வைத்திருக்கிறான், தடுப்பவர்கள் அமைத்துத் தரும் பாக்கெட்டுக்குள் முன்னேறாமல் பின்னாலேயே நழுவுகிறான்.

பாதுகாப்புக் கணக்கும் மாறுகிறது. தடுப்பவர்கள் ஐந்து பேர். எதிரி ஆறு பேரை அனுப்பினால் ஒருவன் யாரும் தொடாமல் வருவான். அந்த ஆறாவது ஆளை ஸ்னாப்புக்கு முன்பே அடையாளம் காட்டி, அவன் விட்டுவந்த இடத்துக்கு உடனே பந்தைத் தள்ள வேண்டும். சின்ன லீக்கில் அந்த ஆள் கிளம்பும் இடம் முன்கூட்டியே தெரிந்துவிடும். மேலே போனால் ஸ்னாப் வரைக்கும் அசையாமல் நிற்பான். பின்னால் இரண்டு சேஃப்டி தெரிவார்கள், பந்து அசைந்ததும் ஒருவன் கீழே இறங்கி முழுப் படமும் மாறிவிடும்.

கை பலம் பற்றி ஒன்று. 'அவன் 60 யார்டு வீசுவான்' என்ற பேச்சை நான் மதிப்பதில்லை. கல்லூரி மைதானத்தின் அகலம் 160 அடி, ஒவ்வொரு ஸ்னாப்புக்கும் பந்தை வைக்கும் எல்லையான இரண்டு ஹேஷ் கோடுகளுக்கு நடுவே 40 அடி. பந்து இடது கோட்டில் இருக்கும்போது வலது ஓரக்கோடு 100 அடி தள்ளி, அதாவது 33 யார்டு. குவார்ட்டர்பேக் 5 யார்டு பின்னால் நிற்கிறான், ரிசீவர் 15 யார்டு போய் ஓரமாகத் திரும்புகிறான். காகிதத்தில் அது 15 யார்டு பாஸ். காற்றில் பந்து கிட்டத்தட்ட 39 யார்டு போயாக வேண்டும், அதுவும் வளைந்து மிதக்காமல். இந்தப் பக்கத்து ஓரமென்றால் 28 போதும். ஒரு பையன் மேலே தேறுவானா என்று தெரிய, அவன் தூரத்து ஓரத்துக்கு வீசிய பந்துகளை மட்டும் வரிசையாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ரிசீவர் திரும்புவதற்கு முன்பே பந்து கையை விட்டிருக்கிறதா? இருந்தால் ஆள் தேறுவான். திரும்பிய பிறகுதான் கிளம்புகிறது என்றால், சின்ன லீக்கில் முழுமையான பாஸ், பெரிய லீக்கில் எதிராளி கையில். கூடவே மூன்றாவது டவுனில், அதாவது மூன்றாவது முயற்சியில், 7 யார்டுக்கு மேல் தேவைப்பட்ட ஆட்டங்கள். அணி பின்தங்கியிருக்கும்போது வீசியவை தனியாக. மொத்த யார்டு கணக்கைக் கடைசியில் பார்த்தால் போதும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டே போனாலும் என் மனசு பெர்க்லியில்தான் நிற்கிறது. 2024 அக்டோபர் 5. மூன்றாவது குவார்ட்டரில் கலிஃபோர்னியா 35, மயாமி 10. கிழக்குக் கரையில் நள்ளிரவு தாண்டிவிட்டது. கடைசியில் 38-32 என்று வந்து, பந்து உங்கள் பக்கத்து 8 யார்டு கோட்டில். ஸ்னாப்புக்கு நீ நின்ற இடம் 5 யார்டு பின்னால் என்று வைத்துக்கொண்டால், உன் குதிகாலுக்குப் பின்னே மூன்று யார்டில் உன் சொந்த எல்லைப் பகுதியான எண்ட் ஸோன். அங்கே பிடிபட்டால் 2 புள்ளி போகும், பந்தும் போகும், ஆட்டம் முடிந்தது. பின்னால் நழுவுவதுதான் உன் பழைய வியாதி, நழுவ இடமே இல்லாத இடத்தில் நிற்கிறாய். அந்தக் கடைசிப் பயணத்தில் ஸேவியர் ரெஸ்ட்ரெப்போவுக்கு ஒரே பாஸில் 77 யார்டு. பிறகு 5 யார்டிலிருந்து எலைஜா அரோயோவுக்கு டச் டவுன், கடிகாரத்தில் 26 வினாடி. கூடுதல் புள்ளியோடு 39-38. மொத்தம் 92 யார்டு.

தம்பி, மேற்கு கொலம்பியா என்ற சின்ன ஊர்ப் பள்ளியில் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதையே நம்பும் விங்-டி முறையில் ஆடி, பந்தை வீசவே அதிகம் வாய்ப்பில்லாமல், நட்சத்திரம் ஒன்றுகூட இல்லாமல், ஒரே ஒரு கல்லூரியின் உதவித்தொகையை வாங்கி வந்த பையன் நீ. நாலு வருடத்தில் அந்த மூன்று யார்டுக்குள் அமைதியாக நிற்கக் கற்றுக்கொண்டாய். சின்ன இடமா பெரிய இடமா என்ற கேள்வியே அப்போது எனக்கு அற்பமாகப் பட்டது. எதிர்ப்பக்கம் அன்றைக்கு கலிஃபோர்னியாவுக்கு வீசியவர் ஃபெர்னாண்டோ மெண்டோஸா. மயாமிக்காரர், முதலில் யேல் கல்லூரிக்குப் போவதாக இருந்தவர். அடுத்து இந்தியானாவுக்கு மாறி, இந்த மாதம் கல்லூரி ஆட்டத்தின் சிறந்த வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையைத் தூக்கியிருக்கிறார். அந்த ஒரு ராத்திரியில், ஒரே புல்வெளியில், என் 2022 கட்டுரைக்கு எதிராக இரண்டு சாட்சிகள்.

இப்போது ஆர்லாண்டோ.

முதல் பாதியில் மூன்று டச் டவுன் வீசினாய். கல்லூரி வாழ்க்கையின் மொத்தக் கணக்கு 158 ஆயிற்று, பழைய கல்லூரி வீரர் கேஸ் கீனம் வைத்திருந்த 155 உடைந்தது. இன்கார்னேட் வேர்டில் வீசியவையும் அதில் சேர்ந்தே வருகின்றன. சவுத்லேண்ட் கணக்கு செல்லாது என்று எழுதியவனுக்கு இதைவிடச் சரியான பதில் இருக்க முடியாது. மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இரண்டாம் பாதியில் நீ வரவில்லை.

நியாயம் எனக்குப் புரிகிறது. தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் டிராஃப்டில் முதல் பெயராகக் கூப்பிடப்படப் போகிறவன், பாப்-டார்ட்ஸ் கிண்ணம் என்ற அந்த ஓர் ஆட்டத்துக்காக முழங்காலைப் பணயம் வைக்கத் தேவையில்லை. ஏப்ரலில் டென்னசி டைட்டன்ஸ் அணி உன் பெயரைத்தான் முதலில் வாசித்தது. பாதி ஆட்டமாவது ஆடினாய், பலர் அதுகூட ஆடுவதில்லை. அது யார் முடிவு, எப்போது பேசி வைத்தது என்பதை இங்கே பேசப்போவதில்லை, நிறையப் பேர் படிக்கிறார்கள். பணத்தைப் பற்றியும் எழுதமாட்டேன். உனக்குப் பதிலாக உள்ளே வந்த எமரி வில்லியம்ஸைப் பற்றி ஒரு குறைகூடச் சொல்லமாட்டேன். 2023இல் கை முறிந்து மீண்ட பையன், 31-28 என்ற கத்திமுனையில் இறக்கிவிடப்பட்டான்.

ஆனாலும் கேம், வெர்னன் ஆடம்ஸ் ஞாபகத்துக்கு வருகிறார். 2016 ஜனவரி 2, அலமோ கிண்ணம். முதல் பாதியிலேயே ஆடம்ஸ் அடிபட்டு வெளியேறினார். பாதி ஆட்டத்தில் ஆரிகன் 31-0 என்று முன்னால் இருந்தது. அணி மூன்று ஓவர்டைம் போய் 47-41 என்று தோற்றது. எஃப்.சி.எஸ்.ஸிலிருந்து வந்தவனால் முடியாது என்பவர்களுக்கு அந்த ஆட்டத்தைத்தான் காட்ட வேண்டும். அவர் இருந்தால் ஒரு அணி, இல்லாவிட்டால் வேறு அணி. உன் ஆட்டமும் அதையேதான் நிரூபித்தது. இரண்டாம் பாதியில் மயாமி 10 புள்ளி, ஒரே புள்ளியில் தோல்வி. ஆடம்ஸைத் தூக்கிச் சென்றது ஒரு அடி. நீ நல்ல உடம்போடு இருந்தாய். பெரிய இடத்தில் வெல்லச் சின்ன இடத்துப் பையனால் முடியும் என்று எனக்குப் புரியவைத்தவன், அதை முடித்துக்காட்ட அரை ஆட்டமே மீதி இருந்தபோது தலைக்கவசத்தைப் போடவில்லை. அதே சீசனில் ஜார்ஜியா டெக்கிடம் 28-23 என்று தோல்வி, சிரக்யூஸிடம் 21-0 முன்னிலையை விட்டு 42-38. இந்தத் தோல்விகளுக்கு உன் அணியின் டிஃபன்ஸைக் குறை சொல்லலாம். அந்தக் கடைசி ஒரு புள்ளிக்கு எனக்குச் சொல்ல ஆளில்லை. இவ்வளவு நாள் கழித்தும் கோபம்தான்.

கோபப்பட எனக்கு உரிமை உண்டா என்றும் தெரியவில்லை. நீ தேறமாட்டாய் என்றவன், நீ முடிக்கவில்லையே என்று அழுவதில் என்ன நியாயம்?

ஜனவரி 2ஆம் தேதி, கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பதிவு செய்யும் போர்ட்டல் திறக்கிறது. சின்னக் கல்லூரிகளின் குவார்ட்டர்பேக்குகள் கூட்டமாக அதில் பெயர் கொடுப்பார்கள். பாதிப்பேர் வாயில் உன் பெயர் இருக்கும். உன்னைத் தேடி வந்து கேட்டால் இரண்டு விஷயம் சொல். மாரிஸ் 2022 முடிவில் வட டெக்சாஸுக்குப் போய்விட்டார், 2023இல் நீ ஆட்டத்தை வகுக்க வந்த பென் ஆர்பக்கிளோடு திரும்பக் கட்டினாய். 4-0 என்று ஆரம்பித்து, தொடர்ந்து ஆறு தோல்வி, முடிவில் 5-7. லீக்கே கண்முன் உடைந்துகொண்டிருந்த வருடம். அப்போது உனக்குப் பின்னால் பெஞ்சில் இருந்தவர் ஜான் மேடீர். ஆர்பக்கிளோடு சேர்ந்தே ஓக்லஹோமா போனார், அதே மொழியோடு. ஆனால் கையில் அறுவை முடிந்து திரும்பிய ஆட்டத்தில் டெக்சாஸுக்கு எதிரே மூன்று இன்டர்செப்ஷன், அதாவது எதிராளி பிடித்த வீச்சுகள். கூடவே மொழி வந்தாலும் கை சரியாக இருக்க வேண்டும்.

அந்தப் பையன்களுக்கு நீ பெர்க்லி வீடியோவைப் போட்டுக் காட்டாதே. அது எல்லோரிடமும் இருக்கிறது. 2023 நவம்பரில் ஸ்டான்ஃபோர்டிடம் 10-7 என்று தோற்றீர்களே, அதை எடு. அறுபது நிமிடத்தில் ஏழே புள்ளி. பக்கத்தில் உட்கார்ந்து, பாக்கெட்டில் உன் கால் எங்கே போகிறது என்று ஒவ்வொரு ஸ்னாப்பாக நிறுத்திக் காட்டு.

அன்புடன்,
தப்பாகக் கணித்தவன்