சவரியாயி பதினோரு தடவை வருகிறாள்

ராயபுரம்,
ஞாயிறு இரவு

அன்புள்ள ஜெசி,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன், திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டி வலி தேவலை. வின்சென்ட் மாமா அப்படியே இருக்கிறார், மீசை உட்பட. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் சர்ச் சாமியார் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க விட்டார்டி! நாலு சனிக்கிழமை உட்கார்ந்தேன். ஃபேன் போட்டால் தாளின் ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது. அதனால் ஃபேன் இல்லாமல், நெற்றி வேர்வை சொட்டாமல் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். அப்பா பேர், தொழில், தெரு எல்லாம் இருக்கிறது. அம்மாவுக்கு வெறும் பேர்தான். சில வரிகளில் அதுவும் இல்லை. எரிச்சலோடு மூடப் போனபோதுதான் சவரியாயி கண்ணில் பட்டாள். தாயாக ஒரே தடவை. ஞானத்தாயாக, அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்று நிற்பவளாக, பதினோரு தடவை! எல்லாம் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அதில் மூன்று பிள்ளைகளுக்குப் பிறந்த அன்றே ஞானஸ்நானம். பிழைக்காது என்று பயந்து அவசரமாகக் கொடுத்திருப்பார்கள். அந்த நேரத்தில் கூடவே இருந்தவள் மருத்துவச்சியாகத்தான் இருக்கவேண்டும் என்று என் மனசு சொல்கிறது. அவள் பேசியதாக ஒரு வரிகூட இல்லை. ஆனால் பதினோரு வீட்டில் அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள்.

உங்கள் பாளையங்கோட்டைக் குளோரிந்தாவைப் பற்றி நீ போன வருஷம் சண்டை போட்டாயே, எல்லாம் அந்த ஜெர்மன் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் எழுதியதுதானே, அவள் எழுதியது எங்கே என்று. எனக்கு இப்போதுதான் பதில் தோன்றுகிறது. வெள்ளைக்கார அதிகாரியோடு கல்யாணமாகாமல் வாழ்கிறாள் என்று அவர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்தார் இல்லையா? மறுத்தார் என்றால் அவள் கேட்டிருக்கிறாள். பக்கத்து வீட்டில் யாரோ ஃபோன் பேசும்போது ஒரு பக்கம் மட்டும் கேட்குமே, அப்படித்தான் இந்தக் காகிதங்களைப் படிக்கவேண்டும். அந்த அதிகாரி செத்த பிறகும் அவள் விடவில்லை. 1778-இல் ஞானஸ்நானம் வாங்கிவிட்டாள். 1780 பாளையங்கோட்டைப் பதிவேட்டில் நாற்பது பேர், முதல் பேர் அவளுடையது. 1785-இல் அவள் கட்டிய கோயில் பிரதிஷ்டை. ஒரு விதவை, ஜெசி, அந்தக் காலத்தில்!

உன் ஆயா இப்போது உன்னோடுதானே இருக்கிறார்? காசிமேட்டில் அவருக்குப் பிரசவம் பார்த்தது யார் என்று கேள். பேர், தெரு, என்ன பேசுவாள், எதற்குத் திட்டுவாள், எல்லாம். ஆயா சொல்லச் சொல்ல அப்படியே எழுது, நீ திருத்தாதே. தொண்ணூறு ஆகிறது அவருக்கு. இந்த வாரமே கேட்டுவிடு.

உன்
விமலா