வியாழக்கிழமை மாலைக்கு ஆள் வேண்டும்

திருகோணமலை இளைஞர் கழகங்களுக்கும், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்காகவோ வேலைக்காகவோ காத்திருக்கும் தம்பி தங்கையருக்கும் ஒரு திறந்த மடல்.

அன்புள்ளவர்களே,

நான் உப்புவெளியில் வசிப்பவள். நகரில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறேன். ஏறத்தாழ நான்கு ஆண்டுகளாக, வியாழக்கிழமை மாலைகளில், பஸ் நிலையத்தைச் சுற்றிப் படுத்துறங்கும் சிலரோடு நாங்கள் ஐந்து பேர் போய் உட்கார்ந்து பேசி வருகிறோம். இதற்குப் பெயரோ பதிவோ பதாகையோ கிடையாது. இப்போது ஐவரில் இருவர் பேராதனைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் படிக்கப் போய்விட்டார்கள். ஒருத்தி வேலைக்காகக் கட்டாருக்குப் புறப்படுகிறாள். வாடைக்காற்றும் மழையும் தொடங்கப் போகின்றன. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

தொடக்கத்தில் நாங்களும் பார்சலோடுதான் போனோம். ஒரு தைப்பொங்கல் நாள். சர்க்கரைப் பொங்கலைக் கட்டி எடுத்துப்போய், வாங்கில் இருந்த பெரியவர் ஒருவரிடம் நீட்டினோம். இரண்டு கைகளாலும் வாங்கிப் பக்கத்தில் வைத்தார். அங்கே ஏற்கெனவே மூன்று பொங்கல் பார்சல்கள் இருந்தன. "காலையிலிருந்து இது நான்காவது, பிள்ளை. நேற்று ஒன்றும் வரவில்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தது என்று சொல்வதைப் போலச் சொன்னார். அவருடைய வலது காலில் பழந்துணி சுற்றியிருந்தது. நீரிழிவுப் புண். நாள்முழுதும் மருந்துக்கு நடுவில் நிற்கும் நான் அதைக் கண்டிருக்க வேண்டும். படம் எடுப்பதில் இருந்த கவனம் காலுக்குப் போகவில்லை.

அந்தப் படத்தை அன்றிரவு முகநூலில் போட்டவளும் நான்தான். நிறையப் பேர் பாராட்டினார்கள். அடுத்த வாரம் போனபோது வாங்கு வெறுமையாகக் கிடந்தது. ஒரு மாதம் கழித்துப் புகையிரத நிலையப் பக்கத்தில் அவரைக் கண்டோம். என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்கு ஒரு மகள் இருக்கிறாள். மணமுடித்து வேறு மாவட்டத்தில் வாழ்கிறாள். அப்பா ஒரு கடையில் காவலாளியாகத் தங்கி வேலை செய்கிறார் என்றுதான் அவளுடைய புகுந்த வீட்டார் நினைத்திருந்தார்கள். என் படம் அந்த வீடுவரை போய்விட்டது. அவருக்குக் கீழே நிலத்தில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "சரி பிள்ளை, இருங்கள்" என்றார். இருந்தோம். எங்கள் பழக்கம் அன்றைக்குத்தான் தொடங்கியது.

பசித்தவருக்குச் சோறு கொடுப்பதை நான் குறை சொல்ல மாட்டேன். பிறந்தநாளுக்கும் திவசத்துக்கும் இந்த ஊரில் கொடுக்கப்படும் சாப்பாட்டில் பலர் அன்றைய பசியை ஆற்றுகிறார்கள். ஆனால் பார்சலைக் கொடுத்துவிட்டு நகரும்போது, அடுத்த நொடியில் கேட்டிருக்கக்கூடிய ஒன்றைக் கேட்காமல் போய்விடுகிறோம்.

அந்தப் பெரியவரிடம் கிளினிக் கொப்பி ஒன்று இருந்தது. பொலித்தீனில் சுற்றிச் சாரத்துக்குள் செருகியிருந்தார். தொடர்ந்து மூன்று தவணைகள் போகவில்லை. மருந்து இலவசம், ஆஸ்பத்திரியும் நடக்கும் தூரம், ஏன் போகவில்லை என்று பல நாள் பழகிய பிறகு கேட்டோம். விடியற்காலையில் போய் இலக்கம் எடுத்தால் மதியமாகும். அதுவரை பாயையும் பையையும் யார் பார்ப்பது? ஒருமுறை விட்டுப் போனபோது மாற்றுச் சாரமும் போர்வையும் அடையாள அட்டையும் களவு போயின. அதற்குப் பிறகு அவர் பையைவிட்டு நகர்வதில்லை. அடுத்த தவணைக்கு எங்களில் ஒருவன் விடியற்காலை ஐந்து மணியிலிருந்து அந்த வாங்கில் பையோடு உட்கார்ந்திருந்தான். செய்தது அவ்வளவுதான். அதன்பின் ஒரு தவணையையும் அவர் தவறவிடவில்லை. புண் ஆற ஐந்து மாதங்கள் எடுத்தன.

அடையாள அட்டைக் கதை நீண்டது. விண்ணப்பத்தைக் கிராம உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். அவர் எந்தப் பிரிவில் வசிப்பவர் என்று கேட்பார். வாங்குக்குப் பிரிவு ஏது? அட்டை இல்லாவிட்டால் வங்கிக் கணக்குத் திறக்க முடியாது, கணக்கு இல்லாவிட்டால் அஸ்வெசும என்ற அரசாங்க உதவிக் கொடுப்பனவு வராது. ஓர் அலுவலகத்தில், முகவரி இல்லாதவரை ஏன் கூட்டி வருகிறீர்கள் என்று எங்களைத்தான் கடிந்தார்கள். கடைசியில் அவர் பிறந்த ஊருக்குப் பஸ் ஏறினோம். அங்கே அவரைச் சிறுவயதில் தெரிந்த முதியவர் ஒருவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, வீட்டுப் பெயரைச் சொல்லி அழைத்தார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் கிடைத்தது, அட்டையும் கிடைத்தது. வீடு கிடைக்கவில்லை. இன்றும் அவர் வாங்கில்தான் படுக்கிறார். உங்களிடம் எதையும் மறைக்க விரும்பவில்லை.

பிரட்றிக் கோட்டை மான்கள் நகருக்குள் வந்து கடைத்தெருவிலும் பஸ் நிலையத்தருகிலும் படுத்திருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். யாரும் விரட்டுவதில்லை, வாகனங்கள்கூட ஒதுங்கிப் போகின்றன. ஒரு மாலை அவற்றைக் காட்டி, "இவை படுத்தால் பாதை கொடுக்கிறார்கள், நான் படுத்தால் தடியால் தட்டுகிறார்கள்" என்றார் அவர். ஆங்கிலேயர் 1841இல் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம், போக்கிடம் இல்லாதவரைக் குற்றவாளி வரிசையில் வைத்தது. அந்தப் பார்வை எத்தனை தலைமுறைகளைத் தாண்டி நம் கண்ணுக்குள் இருக்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நம் ஊரார் இதை அறியாதவர்கள் அல்லர். போரிலும் 2004 ஆழிப்பேரலையிலும் பாடசாலை விறாந்தையில் பாய் விரித்த குடும்பங்கள் நம் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. என் அம்மா 1990இல், பதினைந்து வயதில், ஒரு வகுப்பறையில் ஆறு குடும்பங்களோடு இருந்தார். அப்போது என்ன சாப்பிட்டார் என்று அவருக்கு நினைவில்லை. பக்கத்து வீதியிலிருந்து ஒரு பெண் பிள்ளை மாலைதோறும் வந்து தலைவாரிப் பின்னிவிட்டதை இன்றும் சொல்கிறார். ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. இடம்பெயர்ந்தவருக்குப் பட்டியல் இருந்தது, நிவாரண அட்டை இருந்தது. 2006இல் சம்பூரைவிட்டு வந்த மக்கள் பல ஆண்டுகள் முகாம்களில் தவித்தபோதும், திரும்பிப் போக வேண்டிய ஊரின் பெயர் அவர்கள் வாயில் இருந்தது, சேர்ந்து கேட்க அயலவர் இருந்தார்கள். வாங்கில் படுப்பவர் எந்தப் பட்டியலிலும் இல்லை. அவர் இன்று வரவில்லையே என்று தேட ஒருவரும் இல்லை. அந்த ஒருவராக நீங்கள் இருக்க முடியும்.

கோவில் வீதிப் பக்கம் ஒரு சிங்கள மூதாட்டி இருந்தார். எங்களுக்குச் சிங்களம் சரியாக வராது, அவருக்குத் தமிழ் வராது. ஆச்சி என்ற சொல் இரண்டு மொழிகளிலும் பாட்டிதான் என்பதால் அந்த ஒரு சொல்லிலேயே பல வாரங்களை ஓட்டினோம். பிறகு கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் தோழி, அவருக்காகவே சிங்களம் படித்தாள். ஒரு மழைக்காலத்தில் ஆச்சி காணாமல் போனார். எல்லா இடமும் விசாரித்தோம். எங்கே போனார் என்று இன்றுவரை தெரியாது. இப்படியும் நடக்கும். அன்று தோழி அழுத அழுகையை நினைத்துத்தான், உங்களை வாருங்கள் என்று கூப்பிடவே பல நாள் தயங்கினேன்.

வருவதானால் சிலவற்றைச் சொல்ல வேண்டும். தனியாக வராதீர்கள், வீட்டில் சொல்லிவிட்டு வாருங்கள், இருட்டுமுன் திரும்பிவிடுங்கள். குடித்திருப்பவரோடு அன்று பேசாமல் அடுத்த வாரம் பேசலாம். முடியாததை வாக்களிக்காதீர்கள், வேலை எடுத்துத் தருகிறேன் என்று ஆறுதலுக்காகக்கூடச் சொல்லாதீர்கள். அவர்கள் அதை நாள் எண்ணிக் காத்திருப்பார்கள். யாராவது மயங்கிக் கிடந்தால் 1990க்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும். மனம் குழம்பித் தவிப்பவருக்கு 1926 என்ற மனநல உதவி இலக்கம் இருக்கிறது. படம் வேண்டாம். ஏன் இங்கே வந்தீர்கள் என்ற கேள்வியை நீங்களாகக் கேட்க வேண்டாம். எதிரே நின்று பேசாமல் பக்கத்தில் உட்காருங்கள். வயதானவரை ஐயா, அப்பு, ஆச்சி, வாப்பா, உம்மா என்று அவரவர் வீட்டில் அழைக்கப்பட்டிருக்கக்கூடிய முறையில் அழையுங்கள். ஊரைவிட்டுப் போகும் நாள் வந்தால் நேரில் வந்து சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனவர்களை அவர்கள் வாழ்க்கையில் நிறையப் பார்த்துவிட்டார்கள்.

பேராதனைக்குப் போன தம்பி அப்படித்தான் சொல்லிவிட்டுப் போனான். அவனும் நம் பெரியவரும் வாராவாரம் டாம் விளையாடுவார்கள். பெட்டி அட்டையில் கோடு கிழித்து, சோடா மூடிகளைக் காய்களாக வைத்து. அவன் போய் ஐந்து வியாழக்கிழமைகள் ஆகின்றன. எனக்கு அந்த விளையாட்டுத் தெரியாது, மற்றவனுக்கும் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரிந்தால், மாலை ஐந்து மணிக்கு வாருங்கள். ஒன்றும் கொண்டுவர வேண்டாம். அட்டையும் மூடிகளும் அவர் பையிலேயே இருக்கின்றன.

அன்புடன்,
உங்கள் அக்கா ஒருத்தி,
உப்புவெளி.