சம்பளம் இல்லாவிட்டாலும் வேலைதான்

ஆசிரியருக்கு,

உழைப்பின் மதிப்பை ஊதியத்தைக் கொண்டே அளந்த தங்கள் தலையங்கத்தோடு உடன்பட இயலவில்லை. 1915க்கும் 1918க்கும் இடையே இன்றைய பப்புவா நியூ கினியைச் சேர்ந்த ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் களப்பணி செய்த மானுடவியலாளர் மாலினோவ்ஸ்கி, ஆண்கள் அரும்பாடுபட்டு விளைவித்த வள்ளிக்கிழங்கில் பெரும்பங்கு அவர்களுடைய சகோதரியின் கணவர் வீட்டுக்குப் போவதைப் பதிவு செய்தார். கிழங்கை ஊர் பார்க்கக் குவித்து வைப்பார்கள். நல்ல உழவன் என்ற பெயர்தான் வருமானம். (வருமானம் என்ற சொல்லே அங்கே பொருந்துமா என்பது வேறு கேள்வி.)

படுக்கையில் விழுந்த என் தந்தையை 14 மாதங்கள் கவனித்துக்கொண்டேன். முதுகில் புண் வராதிருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நள்ளிரவிலும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். அந்நாளில் நிரப்பிய படிவமொன்றில் ‘தொழில்’ என்ற கட்டத்தில் ‘இல்லை’ என்றுதான் எழுத முடிந்தது. அதையே சம்பளத்துக்கு ஒரு செவிலியர் செய்திருந்தால் அது வேலை! தொழிலாளர் புள்ளியியலாளர்களின் சர்வதேச மாநாடு, 2013இலேயே ஊதியமற்ற பராமரிப்பையும் ‘வேலை’ என்ற வரையறைக்குள் கொண்டுவந்துவிட்டது. வேலைவாய்ப்பு எண்களை வெளியிடும்போது, மக்கள் தங்கள் நாளை எதெதற்குச் செலவிடுகிறார்கள் என்று அளக்கும் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின் எண்களையும் அதே பக்கத்தில் தாங்கள் அச்சிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்