ஜார்ஜியாவில் மீண்ட நிலம்

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க நிறவெறி என்றாலே போலீஸ் துப்பாக்கியைத்தான் பேசுகிறோம். நிலத்தைப் பேசுவதில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் வாக்காளராகப் பதிந்ததற்காகவே கறுப்பினக் குடும்பங்கள் பண்ணைகளிலிருந்து விரட்டப்பட்டன. அதனால்தான் கறுப்பின உரிமைப் போராளிகளான சார்லஸ் ஷெராட், ஷெர்லி ஷெராட் உள்ளிட்டோர் 1969-இல் 'நியூ கம்யூனிட்டீஸ்' அமைப்பைத் தொடங்கி, சுமார் 5,700 ஏக்கர் வாங்கினார்கள். நிலம் அறக்கட்டளைக்கு, குடும்பங்களுக்கு நீண்டகாலக் குத்தகை என்பது திட்டம். தனியாள் விற்றுவிட முடியாது. நிலத்தை ஊருக்கே பொதுவாக்கிய நம் கிராமதான இயக்கமும் இந்த யோசனைக்கு ஒரு தூண்டுகோல் என்பதில் எனக்குப் பெருமை.

வறட்சி வந்தது. அவசரக் கடன் கேட்டால் அரசு அலுவலகம் இழுத்தடித்தது. வெள்ளை விவசாயிகளுக்கு அந்த அலைக்கழிப்பு இல்லை. 1985-இல் நிலம் கடனில் பறிபோனது. பாகுபாடு காட்டப்பட்டது நிரூபணமாகி, 2009-இல் சுமார் 1.2 கோடி டாலர் இழப்பீடு கிடைத்தது. ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக்கொண்டிருக்கலாம். அவர்களோ 2011-இல், ஒரு காலத்தில் அடிமைகளை வைத்து நடத்திய 1,600 ஏக்கர் பண்ணையையே வாங்கினார்கள். இன்று அங்கே பீக்கன் என்னும் கொட்டை மரங்கள் காய்க்கின்றன.

குடியிருப்பு உரிமைக்காகப் போராடுவோர் படிக்க வேண்டிய அனுபவம் இது. தங்கள் நாளிதழ் இதை விரிவான கட்டுரையாக வெளியிட வேண்டும்.

– வாசகர், திண்டுக்கல்