கரையில் குவிக்கும் காட்டாமணக்கு ஆட்டுக்கு நஞ்சு

ஊராட்சி மன்றத் தலைவர்களுக்கும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்தாருக்கும்,

வணக்கம். ஏரி, வாய்க்கால் தூர்வாரும்போது நெய்வேலிக் காட்டாமணக்கை வெட்டிக் கரையிலேயே குவித்துவிட்டுப் போகிறார்கள். அந்தக் குவியலைப் பற்றித்தான் இந்த மடல்.

பேர்தான் காட்டாமணக்கு. இளஞ்சிவப்பில் புனல் போலப் பூக்கும் இது, சர்க்கரைவள்ளிக்கும் வள்ளைக்கீரைக்கும் பங்காளி. ஆனால் இதன் இலையில் ஸ்வைன்சோனின் என்ற நஞ்சு உண்டு. உயிரணுவுக்குள் கழிவைச் சிதைக்கும் நொதி ஒன்றை அது முடக்கிவிடும். சிதையாத கழிவு நரம்பணுக்களில் தேங்கும். செடி காய்ந்தாலும் நஞ்சு போகாது. “வாடிப்போச்சு, இனி ஒண்ணும் பண்ணாது” என்று ஆட்டை விடுவது தவறு.

ஆடு முதலில் முகர்ந்துவிட்டு ஒதுங்கும். கோடையில் வேறு பச்சை இல்லாதபோது வாய் வைக்கும். பழகிவிட்டாலோ, புல் இருந்தாலும் இதையே தேடிப் போகும். ஒரு வேளை தின்று சாவதில்லை, வாரக்கணக்கில் தின்ற பிறகே நோய் தெரியும். அதனால் செடிமேல் சந்தேகம் வருவதில்லை. ஆடு மெலியும், தலை நடுங்கும், பின்னங்காலை அகட்டி வைத்துத் தள்ளாடும். மருத்துவர் முகவாயைப் பிடித்துத் தலையை ஒரு நிமிடம் மேலே தூக்கிப் பிடித்து, பிறகு கையை எடுத்தால், கண்மணி துடித்து ஆடு சாய்ந்து விழும். வெறிநோயிலும் தள்ளாட்டம் வரும் என்பதால் நீங்களாக வாயில் கை விடாதீர்கள், கால்நடை ஆம்புலன்ஸ் எண்ணான 1962-ஐ அழையுங்கள். முறிமருந்து கிடையாது. தொடக்கத்திலேயே இந்தச் செடியைத் தின்பதை நிறுத்தினால் பல ஆடுகள் தேறும். நரம்பணு செத்துவிட்டால் தேறாது. சினை ஆடு தின்றால் குட்டி நிற்கத் திராணியின்றிப் பிறக்கும்.

ஆகவே, வேலை மதிப்பீட்டிலேயே செடியை அப்புறப்படுத்தும் கூலியையும் சேருங்கள். அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டை மறுபடி துளிர்க்கும். தண்ணீர் வற்றியதும் வேரோடு தோண்டி எடுக்க வேண்டும். ஈரக் கரையில் கிடக்கும் தண்டு ஒவ்வொரு கணுவிலும் வேர் விடும். எடுத்ததைக் கரையைவிட்டுத் தள்ளி, மேட்டு நிலத்திலோ பாறையிலோ அடுக்கி, சுற்றிலும் முள் அடைத்து, ஒடித்தால் சடக்கென்று முறியும்வரை காயவிடுங்கள். பிறகு எரித்துவிடலாம். துண்டுகள் வாய்க்காலில் கிடந்தால் தண்ணீர் திறக்குமுன் பொறுக்கிவிடுங்கள். இல்லையேல் கடைமடைவரை போய் முளைக்கும். முதல் மழைக்குப் பின் இன்னொரு முறை கரையைச் சுற்றி வந்து துளிரைப் பிடுங்க ஆள் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
ஆடு வளர்ப்போரும் கால்நடைப் பணியாளர்களும்