2007-இல் பிறந்தவனுக்கு

செந்தூல், கோலாலம்பூர்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் அக்காவும் நலம். ஒரு மசோதா நாடாளுமன்றத்தில் எப்படித் தாக்கல் செய்யப்படுகிறது, எந்தக் கட்டத்தில் குழுவுக்குப் போகிறது என்று உன் கட்டுரைக்காக இரண்டு வரியில் கேட்டு அனுப்பியிருந்தாய். அதன் பிறகு நான் அழைத்தபோதெல்லாம் நீ எடுக்கவில்லை. ஒருமுறை எடுத்தாய், அப்போதும் பேச்சைக் காட்டிலும் இருமல்தான் அதிகமாகக் கேட்டது. வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் மேலே தள்ளிவிட்டுப் போய்விடுவாய் என்பதால் தாளில் எழுதுகிறேன். பொறுமையாகப் படி. பினாங்கில் இப்போது மழையா? இருமலுக்குக் கிளினிக் போனாயா?

வழக்கறிஞர் அலுவலகக் கிராணிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று உன் நண்பர்கள் கேட்டால், புதிய மசோதாவும் அரசிதழும் வேண்டுமென்றால் சான் சாவ் லின் சாலையில் இருக்கும் அரசாங்க அச்சகத்துக்கு மோட்டாரில் ஓடிய தலைமுறை உன் அப்பா என்று சொல். இப்போது நாடாளுமன்ற இணையத்தளத்திலேயே எல்லாம் கிடைக்கிறது. கிடைப்பதனாலேயே யாரும் படிப்பதில்லை.

முதல் வாசிப்பு என்று பெயர் இருந்தாலும் அங்கே மசோதாவை யாரும் வாசிப்பதில்லை. அமைச்சர் எழுந்து மசோதாவைச் சமர்ப்பிப்பார். அதன் தலைப்பு மட்டும் படிக்கப்படும். இரண்டாம் வாசிப்பு எப்போது என்று அறிவிப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். விவாதமும் கிடையாது, வாக்கெடுப்பும் கிடையாது. ஆனால் அந்த நிமிடத்திலிருந்துதான் மசோதா உறுப்பினர்களின் கையிலும் மக்களின் கையிலும் கிடைக்கிறது. கையில் கிடைத்ததும் பின்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்கு. மசோதாவின் கடைசியில் ஒவ்வொரு பிரிவும் எதற்காக என்ற விளக்கவுரையும், அரசாங்கத்துக்குக் கூடுதல் செலவு உண்டா என்ற குறிப்பும் இருக்கும். முன்பக்கம் வழக்கறிஞர்களுக்காக எழுதப்பட்டது, பின்பக்கம்தான் நமக்கு.

இரண்டாம் வாசிப்பில் மசோதாவின் கொள்கை விவாதிக்கப்படும். இப்படியொரு சட்டம் வேண்டுமா, வேண்டாமா என்பதே அங்கே கேள்வி. அது நிறைவேறிய பிறகு, அவை நடத்தைக்கான நிலையான விதிகளின் 54-ஆவது விதிப்படி, மசோதா தானாகவே முழு அவைக் குழுவுக்குப் போய்விடும். முழு அவைக் குழு என்றால் வேறு அறையில் கூடும் வேறு ஆட்கள் என்று நினைத்துவிடாதே. அதே 222 உறுப்பினர்களுக்கான அதே மண்டபம், அதே நாற்காலிகள். அதுவரை சபாநாயகராக இருந்தவரை ‘துவான் பெங்கெருசி’, அதாவது குழுத் தலைவர், என்று அழைக்கத் தொடங்குவார்கள், அவ்வளவுதான். அங்கே பிரிவு பிரிவாகப் பார்க்க வேண்டும் என்பது முறை. அவையில் பேசியதையெல்லாம் பதிவு செய்யும் ஹன்சார்டைத் திறந்து பார்த்தால், இத்தனையாவது பிரிவு முதல் இத்தனையாவது வரை மசோதாவின் பகுதியாக இருக்க உத்தரவிடப்பட்டது என்று ஒரே மூச்சில் ஐந்து, பத்துப் பிரிவுகள் கடந்துபோவதைக் காண்பாய். நீ கட்டுரையில் இதை எழுத வேண்டும். பாடப்புத்தகம் சொல்லும் குழு நிலை வேறு, ஹன்சார்டில் தெரியும் குழு நிலை வேறு.

அதே 54-ஆவது விதியில் இன்னொரு வழியும் உண்டு. முழு அவைக்குப் பதிலாகத் தேர்வுக் குழுவிடம் ஒப்படைக்கலாம் என்று தீர்மானம் கொண்டுவந்து அவை ஏற்றுக்கொண்டால், சில உறுப்பினர்கள் மட்டும் உட்கார்ந்து, துறை அதிகாரிகளையும் வெளியார்களையும் அழைத்து விசாரித்து, அறிக்கையோடு அவைக்குத் திரும்புவார்கள். நம் நாட்டில் நெடுங்காலம் இது அபூர்வம். 2018 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகுதான் துறைவாரியான சிறப்புத் தேர்வுக் குழுக்கள் பெருகின. நியூசிலாந்தில் ஏறக்குறைய எல்லா மசோதாவும் முதல் வாசிப்பு முடிந்த கையோடு குழுவுக்குப் போய், பொதுமக்களிடம் கருத்துக் கேட்ட பிறகே திரும்பி வரும். அங்கே அது வழக்கம். இங்கே அமைச்சரின் மனம்.

அமைச்சர் அல்லாத சாதாரண உறுப்பினரும் மசோதா கொண்டுவரலாம். 49-ஆவது விதி அதற்கு இடம் தருகிறது. ஆனால் முதலில் அவையின் அனுமதி கேட்டுத் தீர்மானம் போட வேண்டும். அரசாங்க அலுவல்களுக்கு முன்னுரிமை என்பதால் அந்தத் தீர்மானம் அலுவல் பட்டியலின் அடியிலேயே கிடக்கும். இதை ஒரு பத்தியில் முடித்துக்கொள்.

உதாரணத்துக்கு எந்த மசோதாவை எடுக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். நீ யோசிப்பதற்கு முன் நானே ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். புகைப்பொருள் கட்டுப்பாட்டு மசோதா. இதைவிட நல்ல உதாரணம் உனக்குக் கிடைக்காது. ஒரே விஷயம் இரண்டு முறை குழுவுக்குப் போன கதை அது. உனக்கு நெருக்கமான கதையும்கூட.

2022 ஜூலை 27-ஆம் தேதி அப்போதைய சுகாதார அமைச்சர் கைரி ஜமாலுடின் அதை முதல் வாசிப்புக்குக் கொண்டுவந்தார். 2007 ஜனவரி 1-ஆம் தேதியும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு சிகரெட்டோ மின்சிகரெட்டோ எந்த வயதிலும் விற்கக் கூடாது என்பது அதன் உயிர்நாடி. பதினெட்டு ஆனாலும் கூடாது, ஐம்பது ஆனாலும் கூடாது. நீ 2007 பிப்ரவரி. அன்றைய செய்தியை நானும் தாத்தாவும் ஒன்றாகப் பார்த்தோம். தாத்தா அப்போது படுக்கையில் இருந்தார். அந்த மாதங்கள் எப்படி இருந்தன என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, இரவில் அவருக்கு முதுகு தடவிவிட்டவன் நீதான். “நம்ம பையன் வருஷத்துலருந்தா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

அவையில் அமலாக்க அதிகாரிகளுக்குத் தரப்பட்ட அதிகாரம் பற்றியும், இளையோருக்கான அபராதம் பற்றியும் இரு தரப்பு உறுப்பினர்களும் கேள்வி எழுப்பினார்கள். ஆகஸ்ட் 2-ஆம் தேதி மசோதா சிறப்புத் தேர்வுக் குழுவிடம் ஒப்படைக்கப்பட்டது. மசோதாவைக் கொண்டுவந்த அமைச்சரே அந்தக் குழுவுக்குத் தலைவராகவும் இருந்தார். இது சரியா என்று உன் கட்டுரையில் நீ கேட்க வேண்டும். என்னைக் கேட்டால் சரியில்லை. சமைத்தவரையே ருசி பார்க்கச் சொன்னால் உப்பு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். குழு வேலை செய்தது, ஆனால் அக்டோபர் 10-ஆம் தேதி நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. கலைந்தால் நிலுவையில் உள்ள மசோதாக்கள் எல்லாம் காலாவதியாகிவிடும். புதிய நாடாளுமன்றத்தில் மறுபடி முதல் வாசிப்பிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இதற்கிடையில் நடந்ததை உன் விரிவுரையாளர் கேட்கமாட்டார், நான் சொல்கிறேன். 2023 மார்ச் 31-ஆம் தேதி, 1952-ஆம் ஆண்டு விஷச் சட்டத்தின் பட்டியலிலிருந்து திரவ நிக்கோடினுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. வேப் எனும் மின்சிகரெட்டில் ஊற்றும் திரவத்துக்கு வரி விதிக்க அது தேவைப்பட்டது. வரி மில்லிலிட்டருக்கு 40 சென். வரிக்கு வழி திறந்தாயிற்று, ஆனால் பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதை விற்கக் கூடாது என்று சொல்லும் சட்டம் அப்போது இன்னும் வரவில்லை. அந்தப் பட்டியல் மாற்றம் நாடாளுமன்றத்தில் எந்த வாசிப்புக்கும் வரவில்லை, எந்தக் குழுவும் அதை விசாரிக்கவில்லை. அமைச்சரின் கையொப்பத்தில் அரசிதழில் வெளியானது. வயதுக் கட்டுப்பாட்டுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2024 அக்டோபர் 1-ஆம் தேதி. ஒன்றரை வருடம் இடைவெளி. நீ நான்காம் படிவத்திலும் ஐந்தாம் படிவத்திலும் படித்த காலம் அது. உன் பள்ளிக்கு எதிரே இருந்த கடைவரிசையில், புகைப்படங்களுக்குச் சட்டகம் போடும் கடை காலியான இடத்தில், நீல விளக்கும் ஊதா விளக்கும் போட்ட ஒரு கடை அப்போதுதான் திறந்தது. உன்னை ஏற்றிக்கொள்ள நான் வந்து நிற்கும்போதெல்லாம் மாம்பழமும் தர்ப்பூசணியும் கலந்த ஒரு வாசம் சாலை வரைக்கும் வரும். பழச்சாறுக் கடை போலிருக்கிறது என்று அம்மா சொன்னாள். அம்மாவுக்கு இன்றைக்கும் அந்த வாசம் என்னவென்று தெரியாது.

புதிய அரசாங்கத்தில் சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் ஸலிஹா முஸ்தபா 2023 ஜூன் 12-ஆம் தேதி புதிய மசோதாவைத் தாக்கல் செய்தார். உன் ஆண்டு அதிலும் இருந்தது. மறுநாளே அது சுகாதாரத்துக்கான சிறப்புத் தேர்வுக் குழுவுக்குப் போனது. இங்கே கவனி: 2022-இல் கொள்கை விவாதம் நடந்த பிறகு குழுவுக்குப் போனது, 2023-இல் முதல் வாசிப்புக்கு மறுநாளே போனது. அவை ஒரு கொள்கையை விவாதித்த பிறகு குழு விவரங்களைப் பார்ப்பது ஒன்று. கொள்கையையே குழு புரட்டிப் பார்ப்பது வேறு. உன் கட்டுரையின் முதுகெலும்பு இந்த இடமாக இருக்கட்டும். ஹன்சார்டைப் படி, பத்திரிகையை மட்டும் நம்பாதே.

நவம்பரில் அந்த மசோதா மீட்டுக்கொள்ளப்பட்டது. 28-ஆம் தேதி வேறொரு மசோதா வந்தது. 30-ஆம் தேதி மக்களவையில் நிறைவேறியது. அதில் பிறந்த ஆண்டு பற்றிய பிரிவு இல்லை. ஒரே நாட்டின் குடிமக்களைப் பிறந்த தேதியை வைத்துப் பிரிப்பது, சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 8-ஆவது விதிக்கு முரணாகலாம் என்று சட்டத்துறைத் தலைவர் கருத்துச் சொன்னதாகக் காரணம் காட்டினார்கள். குழு மாதக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த பிரிவை எடுத்துவிட்டு வந்த மசோதாவுக்கு மூன்று நாள். நியூசிலாந்தில் 2009 முதல் பிறந்தவர்களுக்கு இப்படியே 2022 டிசம்பரில் சட்டம் போட்டார்கள். ஆட்சி மாறியதும் 2024 பிப்ரவரியில், குழுவுக்கு அனுப்பாமலேயே அவசரமாக ரத்து செய்துவிட்டார்கள். குழு வழக்கம் வேரூன்றிய நாட்டிலேயே அப்படி. இதை ஓர் அடிக்குறிப்பாகப் போட்டுக்கொள்.

டிசம்பரில் மேலவை ஏற்றது. இரு அவைகளிலும் நிறைவேறிய மசோதாவுக்கு மாமன்னர் 30 நாளுக்குள் ஒப்புதல் தர வேண்டும். தராவிட்டாலும் அந்தக் கெடு முடிந்ததும் அது சட்டமாகிவிடும் என்பது அரசியலமைப்பின் 66-ஆவது விதி. 2024 பிப்ரவரியில் அரசிதழில் 852-ஆவது சட்டமாக வெளியானது. பதினெட்டு வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. அதற்கு மேல் அவரவர் பாடு.

ஆக, இன்றைய சட்டப்படி உன் வயதுப் பையன் இவற்றை வாங்கலாம், கையில் வைத்திருக்கலாம்; கேட்க எவருக்கும் உரிமை இல்லை. ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் வரலாற்றுக்கு ஏ பிளஸ் வாங்கியவன், உனக்கு நான் சட்டம் சொல்ல வேண்டியதில்லை. அந்த மதிப்பெண் தாள் இன்னும் சாமி மேடைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா காட்டுகிறாள். அப்படிப்பட்டவன் பெற்றவர்கள் கூப்பிட்டால் போனை எடுக்க மாட்டேன் என்கிறான். அதைத்தான் என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

சென்ற விடுமுறையில் நீ விட்டுப்போன நீலப் பையை வெயிலில் காயப்போட நான்தான் எடுத்தேன். உள்ளறையில் இருந்ததை இருந்தபடியே வைத்து ஜிப்பை இழுத்துவிட்டேன். பை என் அலமாரியில் இருக்கிறது. மாமா இந்த மாதக் கடைசியில் பட்டர்வொர்த் வருகிறார். அவரிடம் கொடுத்தனுப்பவா என்று அம்மா கேட்டாள். வேண்டாம், அவனே வந்து எடுத்துக்கொள்ளட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

இருமலைக் கவனி. இரவில் கோப்பி ஓ குடித்துவிட்டு விழித்திருக்காதே. வெந்நீர் குடி. கிளினிக் போனால் டாக்டர் கேட்பதற்கு உள்ளதை உள்ளபடி சொல். அவர் வீட்டுக்குச் சொல்லப் போவதில்லை. பணம் போதவில்லை என்றால் அக்காவிடம் கேட்காமல் என்னிடம் கேள்.

கட்டுரையைச் சமர்ப்பிப்பதற்கு முன் எனக்கு அனுப்பு. தேதிகளைச் சரிபார்த்துத் தருகிறேன். வெள்ளிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மேல் அம்மா கோயிலுக்குப் போய்விடுவாள், திரும்ப ஒன்பது ஆகும். அப்போது கூப்பிடு.

அன்புடன்,
அப்பா