சூலூர் விமானப்படைத் தளத்தின் கதை தேஜஸில் தொடங்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த சூலூர் விமானப்படைத் தளம் பற்றிய கட்டுரையை ஆவலோடு படித்தேன். தேஜஸ் போர் விமானங்களைப் பற்றிய பகுதி அருமை. ஆனால் தேஜஸ் வந்த 2018-க்கு முன்பு அங்கே ஒன்றுமே நடக்காததைப்போல எழுதியிருப்பது ஏற்கக்கூடியது அல்ல. எண்பது ஆண்டு வரலாறு இரண்டே வரிகளில் முடிந்துவிட்டது.

இரண்டாம் உலகப் போரின்போது அந்த ஓடுபாதை பிரிட்டிஷ் கடற்படையின் கையில் இருந்தது. இந்துமாக் கடலில் சுற்றிய விமானந்தாங்கிக் கப்பல்களின் விமானங்களுக்குத் தரையில் ஓர் இடம் வேண்டியிருந்தது. அதற்குக் கொங்கு நாட்டில் இரண்டு தளங்களை அமைத்தார்கள். கரையில் உள்ள தளத்துக்கும் கப்பலைப்போலவே பெயர் வைப்பது அவர்கள் வழக்கம். அதன்படி பீளமேட்டில் இருந்தது எச்.எம்.எஸ். கருடா, சூலூரில் இருந்தது எச்.எம்.எஸ். வைரி. கடலே இல்லாத கோவை மாவட்டத்தில் இரண்டு 'கப்பல்கள்' இருந்தன என்பது இன்றைய கல்லூரி மாணவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

விடுதலைக்குப் பிறகு தளம் இந்திய விமானப்படையிடம் வந்தது. 1959-இல் அங்கே அமைந்த ஐந்தாம் எண் பழுதுபார்ப்பு நிலையம்தான், அதாவது ஊரில் எல்லோரும் சொல்லும் '5 பி.ஆர்.டி.'தான், என் பார்வையில் சூலூரின் முதுகெலும்பு. கட்டுரையில் அதன் பெயர்கூட வரவில்லை என்பதே என் பெரிய மனக்குறை. சீருடை அணிந்தவர்களோடு சிவிலியன் தொழிலாளர்களும் தோளோடு தோள் நின்று உழைத்த இடம் அது. விமானத்தை ஓட்டுபவர் பெயர் செய்தித்தாளில் வரும். அதை மீண்டும் பறக்கும் நிலைக்குக் கொண்டுவந்து கையெழுத்திட்டவர் பெயர் எங்கும் வருவதில்லை.

1984-ஆம் ஆண்டு நடந்த மாற்றத்தையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அந்த ஜூலையில்தான் திருவனந்தபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு விமானப்படையின் தெற்குக் கட்டளையகம் உருவானது. அதுவரை பாகிஸ்தான், சீன எல்லைகளையே பார்த்துக்கொண்டிருந்த விமானப்படை, தீபகற்பத்தையும் தீவுகளையும் கடல் வழிகளையும் தனியாகக் கவனிக்க வேண்டும் என்று முடிவெடுத்ததன் விளைவு அது. சூலூரில் 43-ஆவது விங், அதாவது தளத்தின் பறக்கும் பிரிவுகளை நிர்வகிக்கும் அமைப்பு, வந்ததும் அதே ஆண்டில்தான். விங் தெற்குக் கட்டளையகத்தின் கீழ் இருக்கிறது, பி.ஆர்.டி.யோ நாக்பூரில் உள்ள பராமரிப்புக் கட்டளையகத்தின் கீழ் இருக்கிறது. ஒரே மண்ணில் இரண்டு நிர்வாகங்கள். இந்த அமைப்பைச் சொல்லாமல் தளம் எப்படி இயங்குகிறது என்பதை வாசகருக்கு விளக்க முடியாது. (எண்பதுகளின் நடுவில் பீளமேட்டில் உள்ள கோவை விமான நிலைய ஓடுபாதையை நீட்டிக்கும் பணி நடந்தபோது, பயணிகள் விமானங்களும் சூலூரிலிருந்துதான் புறப்பட்டன.)

அடுத்து, 18-ஆவது ஸ்குவாட்ரனை 'புதிய படைப்பிரிவு' என்று எழுதியிருக்கிறீர்கள். இது திருத்தப்பட வேண்டும். 2020 மே மாதம் சூலூரில் தேஜஸுடன் களமிறங்கிய அந்தப் பிரிவு 1965-இல் நாட் (Gnat) என்ற சிறிய போர் விமானங்களுடன் தொடங்கப்பட்டது. 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர்மீது பாகிஸ்தானின் சேபர் விமானங்கள் குண்டு வீசிக்கொண்டிருந்தபோதே ஓடுபாதையிலிருந்து எழும்பிப் போரிட்டு உயிர்நீத்த நிர்மல்ஜித் சிங் செக்கோன் இந்தப் பிரிவைச் சேர்ந்தவர். நாட்டின் மிக உயர்ந்த போர்க்கால வீர விருதான பரம்வீர் சக்கரத்தை விமானப்படையில் பெற்றவர் அவர் ஒருவரே. பின்னாளில் மிக்-27 விமானங்களுடன் இருந்த பிரிவு 2016-இல் கலைக்கப்பட்டது. விமானங்கள் ஓய்வு பெற்றாலும் பிரிவின் எண்ணையும் சின்னத்தையும் மரபையும் பாதுகாத்து வைத்திருந்து, புதிய விமானம் வந்ததும் உயிர்ப்பிப்பது விமானப்படையின் நடைமுறை. 2018-இல் சூலூருக்கு வந்த 45-ஆவது ஸ்குவாட்ரனும் அப்படித்தான். அது 1959-இல் வாம்பயர் விமானங்களுடன் பிறந்தது. 'புதியது' என்ற ஒரு சொல்லால் செக்கோனின் பெயரைச் சூலூரிலிருந்து பிரித்துவிடாதீர்கள்.

தஞ்சாவூர் பற்றி இரண்டு வரியாவது சேர்த்திருக்கலாம். அதுவும் உலகப் போர்க் கால ஓடுபாதைதான். 2013-இல் விமானப்படைத் தளமாகத் திறக்கப்பட்டு, 2020 ஜனவரியில் பிரமோஸ் ஏவுகணை தாங்கும் சுகோய் விமானங்களுடன் 222-ஆவது ஸ்குவாட்ரன் அங்கே அமைந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் தெற்கில் நடந்துவரும் மறுசீரமைப்பு முழுமையாகப் புரியும்.

பாதுகாப்பு ரகசியம் எதையும் எழுதச் சொல்லவில்லை. நான் குறிப்பிட்ட அனைத்தும் பொதுவெளியில் உள்ள செய்திகளே. நான் கேட்பது வேறு. பி.ஆர்.டி. தொடங்கியபோது இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இன்று எண்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். அவர்களின் நினைவுகளைப் பதிவு செய்ய இன்னும் சில ஆண்டுகளே மிச்சம். சூலூர், காங்கயம்பாளையம் பக்கம் உங்கள் நிருபர் ஒருவரை அனுப்புங்கள். ஓய்வு பெற்ற தொழிலாளர்களிடம் பேசி, அவர்கள் வீட்டில் உள்ள பழைய படங்களோடு ஒரு தொடர் வெளியிடுங்கள். அவர்களைத் தேடிப்பிடிக்க என்னாலான உதவியைச் செய்கிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
கோவை மாவட்டம்.